இரண்டும் இரண்டும் ஐந்தா?

இரண்டும் இரண்டும் எத்தனை என்று வகுப்பிலே கேட்டால், கடைசி வரிசைச் சிறுவனும் நான்கு என்பான். "கட்சி ஐந்து என்கிறது, நீயும் ஐந்து என்று சொல்! சொன்னால் போதாது, நம்பு!" என்று மனிதனை வதைக்கும் அரசொன்றைப் படைத்துக் காட்டினார் ஜார்ஜ் ஆர்வெல், 1949-இல் வெளிவந்த '1984' என்னும் நாவலில்.

வெறுங் கற்பனை என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! 1931-இல் சோவியத் நாட்டுச் சுவரொட்டியிலேயே இந்தக் கணக்கு இருந்தது. இரண்டோடு இரண்டைக் கூட்டி, தொழிலாளர் ஆர்வத்தையும் சேர்த்தால் ஐந்து! ஐந்தாண்டுத் திட்டத்தை நான்கே ஆண்டுகளில் முடிக்க எழுந்த முழக்கம் அது. ஊக்கமூட்டப் பிறந்த முழக்கம், ஆர்வெலின் கதையிலே உள்ளத்தை உடைக்கும் சம்மட்டியாயிற்று.

அரசியல் தத்துவமும் அவருக்கு அடித்தளம் தந்தது. முதலாளியும் ஆளப்போவதில்லை, தொழிலாளியும் ஆளப்போவதில்லை. நிர்வாகிகளே ஆள்வர், உலகம் சில பேரரசுகளாகப் பிரியும் என்று 1941-இல் எழுதினார் ஜேம்ஸ் பர்ன்ஹாம். 1946-இல் அதனை மறுத்தெழுதிய ஆர்வெல், மறுத்த கருத்தையே களமாக்கி மூன்று வல்லரசுகளைத் தம் நாவலில் மோதவிட்டார்.

மாற்றாரின் பொய்யை மட்டும் கண்டவரல்லர் அவர். 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யில் அமர்ந்து, இந்தியாவுக்கான போர்க்காலப் பிரசார ஒலிபரப்பைத் தயாரித்தவர். தணிக்கையாளர் கண்பார்வையில் எழுதியவர். பழைய ஏடுகளைத் திருத்தி எழுதும் கதைநாயகன் வின்ஸ்டன் உயிரோடு நம்முன் நிற்பது, அந்தத் தொழிலின் கறை ஆசிரியர் கையிலும் படிந்திருந்ததால்தான்.

சமதர்மத்தை அடிக்கும் சாட்டையாக இந்நாவலை ஏந்துவோர் உண்டு. அவர்கள் ஒன்றை மறைக்கின்றனர். 1937-இல் ஸ்பெயினில் பிராங்கோவின் படையை எதிர்த்து நின்று, தொண்டையிலே குண்டடிபட்டவர் ஆர்வெல்; இறுதிவரை சனநாயகச் சமதர்மவாதியாக வாழ்ந்தவர்.

குறையும் உண்டு. நூற்றுக்கு 85 பேரான பாமரரிடமே நம்பிக்கை இருக்கிறது என்கிறான் வின்ஸ்டன். ஆயினும் அந்தப் பாமரருக்குப் பாட்டைத் தந்த ஆசிரியர், சிந்தனையைத் தரவில்லை. மக்களைப் பின்னணித் திரையாக்கிவிட்டு, மக்களிடம் நம்பிக்கை வைப்பது எங்ஙனம்?

எனினும் படியுங்கள், தோழர்களே! எதிரியின் மேடையில் பொய் ஏறினால் எவரும் கண்டுகொள்வர். நம் மேடையில் ஐந்து என்ற சொல் ஒலித்து, கரவொலி வானைப் பிளக்கும் வேளையில், எழுந்து நின்று நான்கு என்று சொல்ல நமக்கு நாவெழுமா? கடைசி வரிசைச் சிறுவனுக்கு எழுகிறதே!