இறந்த ஜெத்ரோ, பிழைத்த ஜோ: 'தி அலமோ' படம் பற்றி ஒரு குறிப்பு

ஜான் வெய்ன் இயக்கி, டேவி க்ராக்கெட்டாக நடித்த 'தி அலமோ' (1960) உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். டெக்சாஸ் அப்போது மெக்சிகோவின் பகுதி. அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள் அந்த ஆட்சியை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1836 பிப்ரவரி 23 முதல் 13 நாள் சாண்டா அன்னாவின் படை அலமோவை முற்றுகையிட்டது. மார்ச் 6 அன்று அது விழுந்தது. உள்ளே நின்று சண்டை போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே செத்தார்கள்.

படத்தில் உடை தப்பு, பீரங்கி தப்புன்னு நிறையப் பேர் எழுதியாச்சு. எனக்கு உறுத்துவது வேறு ஒரு காட்சி. ஜிம் போவி தன் அடிமை ஜெத்ரோவை விடுதலை செய்கிறார். ஜெத்ரோ போக மறுத்து அங்கேயே தங்குகிறார். கடைசியில் போவியைக் காக்கக் குறுக்கே விழுந்து சாகிறார். பார்க்கும்போது மனசு இளகத்தான் செய்யும்.

இப்போ அலமோ விழுந்த 11வது நாள் கையெழுத்தான டெக்சாஸ் குடியரசின் அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பொது விதிகளில் 9வது பிரிவு. அடிமைகளை விடுவிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. விடுவிக்கப்பட்டவரை நாட்டை விட்டு அனுப்பினால் ஒழிய, நாடாளுமன்ற அனுமதி இல்லாமல் உரிமையாளரும் தன் அடிமையை விடுவிக்க முடியாது. அதாவது படத்தில் போவி செய்யும் அந்தப் பெருந்தன்மையை, அவர் உயிர் கொடுத்த நாடே தடை செய்தது. க்ராக்கெட் 'குடியரசு' என்ற சொல்லின் அருமை பற்றி வசனம் பேசும்போது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நிஜத்தில் அங்கே ஜோ என்று ஒருவர் இருந்தார். தளபதி ட்ராவிஸின் அடிமை. உயிர் பிழைத்து, நடந்ததை டெக்சாஸ் அமைச்சரவையிடம் நேரில் சொன்னவர். அதற்கப்புறம் என்ன ஆச்சு? ட்ராவிஸ் விட்டுப்போன சொத்தில் ஒன்றாகத்தான் அவரையும் கணக்கெடுத்தார்கள். 1837 ஏப்ரல் 21, குடியேறிகள் வென்ற சான் ஜசின்டோ போரின் முதலாண்டு நாளில், ஜோ தப்பி ஓடினார். பிடித்துத் தருபவருக்கு 50 டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது.

போர் அடிமைமுறைக்காக மட்டுமே நடந்தது என்று நான் சொல்லவில்லை. 1824 கூட்டாட்சி அரசியல் சட்டத்தை சாண்டா அன்னா தரப்பு ஒழித்ததும் நிஜம். அதை எதிர்த்து சகாடெகாஸ் மாநிலமும் 1835இல் எழுந்து நசுக்கப்பட்டது. ஹுவான் செகின் போன்ற டெக்சாஸ் மெக்சிகர்களும் குடியேறிகளோடு நின்றார்கள். ஆனால் 1829இல் மெக்சிகோ அடிமைமுறையை ஒழித்து ஆணை போட்டதும், டெக்சாஸ் அதிலிருந்து விலக்கு வாங்கியதும், அந்த விலக்கு எவ்வளவு நாளைக்கு என்ற பயம் குடியேறிகளிடம் இருந்ததும் இதே கதையின் பகுதிதானே?

படம் அடிமைமுறையைப் பேசவே இல்லை என்றால்கூட விட்டிருக்கலாம். பேசியது, பேசி, நேர் எதிராகத் திருப்பியது. 2004இல் வந்த 'தி அலமோ'வில் ஜோ ஒரு பாத்திரமாகவாவது வருகிறார். இரண்டையும் பாருங்கள். அதற்கு முன்னால் அந்த 9வது பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள், ஒரே ஒரு பத்திதான்.