ஒருவரையே இருமுறையா, இரு குழுக்களையா?

உளவியல் சோதனையின் மூத்த மரபு ஜெர்மனியில் வேர்விட்டது. ஆட்கள் குறைவு, அளவீடுகள் ஏராளம். வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் லைப்சிக்கில் தொடங்கிய ஆய்வகத்தில் ஆய்வாளர்களே சோதனைக்கும் உட்கார்ந்தார்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். சுமார் 2,300 பொருளற்ற அசைகளைத் தாமே தயாரித்து, தாமே மனப்பாடம் செய்து, மறந்ததையும் தாமே அளந்து, 1885-இல் நூலாக்கினார். ஒரே ஆளை எல்லா நிலைமைகளிலும் சோதித்தால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு குறுக்கே வராது. சின்ன விளைவும் தட்டுப்படும்.

இம்மரபின் தலைவலி வரிசை. இரண்டாம் முறை வருபவர் பழகியிருப்பார், அல்லது அலுத்திருப்பார். பாதிப்பேருக்கு வரிசையைத் திருப்பிக் கொடுத்துச் சமன்செய்வது வழக்கம். களைப்புக்கு அது போதும். சோதனையின் சூட்சுமம் வெளிப்பட்டுவிட்டால் எந்த வரிசையும் காப்பாற்றாது.

எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சாட்சி. 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி வேகம் கேட்டார்கள். கேள்வியில் மாறியது வினைச்சொல் மட்டும், குழுவுக்கு ஒன்றாக ஐந்து சொற்கள். கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8. இரண்டு சொல்லையும் ஒருவரிடமே கேட்டிருந்தால் அவர் உஷாராகியிருப்பார். ஆகவே தனித்தனிக் குழுக்கள்தான் வழி; இது இரண்டாம் மரபு. குழுவுக்கு ஒன்பது பேர் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் மெலிவாகப் படுகிறது. யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கலுக்கு விடும் முறைக்கு ரொனால்ட் ஃபிஷரின் 1935 நூல் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது. ஆனால் சிறு குழுக்களில் குலுக்கல் ஏமாற்றக்கூடும்.

அந்தப் பயம் உள்ளவர்களின் மரபு மூன்றாவது. பொம்மையை அடிக்கும் பெரியவரைக் குழந்தைகள் பார்த்துச் செய்கிறார்களா என்று 1961-இல் சோதித்த ஆல்பர்ட் பண்டுரா குழுவினர், 72 குழந்தைகளின் முரட்டுத்தனத்தை முன்பே மதிப்பிட்டு, ஒத்தவர்களை மும்மூவராகச் சேர்த்த பிறகே குலுக்கினார்கள். எதை வைத்துப் பொருத்தம் பார்ப்பது என்ற தெளிவு இருந்தால்தான் இவ்வளவு பாடும் தகும்.

தனிக்குழு முறைதான் சுத்தமானது என்று பாடப்புத்தகம் படித்தவர்கள் எண்ணுவதுண்டு. 1999-இல் மைக்கேல் பிர்ன்பாம் ஒரு குழுவிடம் 9 எவ்வளவு பெரிய எண் என்றும், வேறொரு குழுவிடம் 221 எவ்வளவு பெரியது என்றும் கேட்டார். 9-தான் பெரிதென்று முடிவு வந்தது! 9 என்றதும் ஒற்றை இலக்கங்களும், 221 என்றதும் மூன்றிலக்க எண்களும் மனத்தில் வந்து நின்றிருக்கும். அளவுகோலே குழுவுக்குக் குழு மாறிப்போன இடத்தில் சராசரிகளை ஒப்பிட்டுப் பயனில்லை. கருத்தையோ மதிப்பீட்டையோ கேட்கும் ஆய்வுகளில் இரண்டையும் ஒருவர் முன்னேயே வைத்துக் கேட்பதுதான் நியாயம்.