அக்கினிப் பிரவேசமும் முதலிற் கேட்போரும்

ஜெயகாந்தனது 'அக்கினிப் பிரவேசம்' என்னுஞ் சிறுகதை 1966ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை பெய்யும் ஒரு மாலையிற் கல்லூரி வாயிலிற் பேருந்துக்குக் காத்து நின்ற மாணவி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறி, அவன் இச்சைக்கு இரையாகி வீடு திரும்புகிறாள். கேட்ட தாய் முதலில் அலறுகிறாள். பின்னர், அயலார் அறியாவண்ணந் தன்னை அடக்கிக்கொண்டு, மகள் தலையில் நீரை வார்த்து, அவள் தூயவளே எனத் தேற்றுகிறாள். இக்கதைபற்றி எழுந்த வாதங்கள் பெரும்பாலும் கற்பையே சுற்றி வந்தன. எமது கருத்தில், கதையின் உயிர்நிலை கேட்டவள் நடந்துகொண்ட முறையிலேயே உள்ளது.

இதற்குச் சான்று ஆசிரியரே தந்துள்ளார். 1970இல் வெளிவந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் நிகழ்ச்சி அதுவே. தாய் மட்டும் கதறி ஊரறியச் செய்கிறாள். தமையன் தங்கையை வீட்டினின்றும் விலக்குகிறான். படிக்கவைத்த மாமனோ அவள் நிலையையே தமக்கு வாய்ப்பாக்க முனைகிறார். குற்றம் ஒன்றாயிருப்பவும், கேட்டோர் வேறுபட்டமையால் வாழ்வு வேறாயிற்று. தாம் எழுதிய கதையைத் தாமே மறுதலையாக்கிச் சோதித்துப் பார்க்கும் துணிவு எழுத்தாளரிடை அரிது.

ஆயினும் சிறுகதைத் தாயை முன்மாதிரியாகக் கொள்ளல் ஆகாது. அவள் வார்த்த நீர், குறியீட்டளவில் எத்துணை அழகியதாயினும், வைத்தியர் திரட்டக்கூடிய தடயங்களையுங் கழுவிவிடும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தினை 72 மணித்தியாலத்துள் தொடங்கவேண்டும். மறைத்து வைக்கும் வீட்டில் அக்காலம் வீணே கழியும். தூய்மை செய்தல் என்ற எண்ணமே அவள் மாசுற்றாள் என்பதை ஒப்புக்கொள்வதன்றோ? அச்சத்தால் வாயடைத்தலை இணக்கத்தினின்றும் பிரித்துக் காட்டுவதிலும் ஆசிரியர் தெளிவு போதாது.

இன்னொரு குறையுமுண்டு. கல்லூரி வாயிலில் தொடங்கிய கதையில், அவள் துயரைக் கேட்க ஆசிரியர் ஒருவரேனும் இல்லை. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகள் நிறுவனந்தோறும் முறைப்பாட்டுக் குழுவை வேண்டுகின்றன. இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச்சட்டம், பகிடிவதையின்போது இழைக்கப்படும் பாலியற் தொல்லைக்குந் தண்டனை விதிக்கின்றது. சட்டத்தை வாசித்துக் காட்டுதல் பயிற்சியாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டுக் கைந்நூல் வைத்தியத் துறையினர்க்கு எழுதப்பட்டதேனும், அதன் முறை விரிவுரையாளர்க்கும் விடுதிப் பொறுப்பாளர்க்கும் பொருந்தும்: குறுக்கிடாது கேட்டல், நம்புதல், தேவையை வினவுதல், பாதுகாப்பை நோக்குதல், உதவியிடத்துச் சேர்த்தல். விவரங்களைத் துருவிக் கேட்டல் அதிலில்லை. காக்கவியலாத இரகசியத்துக்கு வாக்களித்தலும் ஆகாது. அடுத்து யாது செய்வது என்ற முடிவு மாணவியினுடையதே.

பயிற்சி நடத்துவோர் இவ்விரு படைப்புக்களையும் அருகருகே வாசிப்பிக்கலாம். தாய் அலறுமிடத்தில் நிறுத்தி, 'நீவிர் கேட்டிருப்பின் முதலில் யாது சொல்வீர்?' என வினவலாம். 'ஏன் காரில் ஏறினாய்?' என்பதே பலர் வாயில் முந்தி வருமென அஞ்சுகிறோம்.