பதற்றம் யாருடையது? – சுஜாதாவின் ‘நகரம்’ கதையை முன்வைத்து

ஒரு சிறுகதை பாடமாகிவிட்டால் அடுத்த கேள்வி, அது உணர்த்தும் நீதி என்ன என்பது. சிறுபத்திரிகைக்காரர்களுக்கோ அந்தக் கேள்வியே ஒவ்வாமை. பதற்றத்தில் வைத்து நகர்த்தும் கதை என்றால் இரண்டு தரப்பும் கைகழுவிவிடும். பதற்றம் உண்டாக்கப்படும் விதத்திலேயே ஒரு நீதி இருக்கக்கூடும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

சுஜாதா (1935–2008) ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். முதல் கதை 1953இல் திருலோக சீதாராமின் ‘சிவாஜி’யில் வந்தது, அதுவும் திருச்சிப் பத்திரிகைதான். அவருடைய ஸ்ரீரங்கத்துக் கதைகளில் கதைசொல்லி அந்த வீதிகளுக்குள் திரிகிற பையன். பெரியவர்கள் விவகாரம் அவனுக்குப் பாதிதான் விளங்கும். நாமும் அவனோடு சேர்ந்து முழிப்போம். மதுரையில் நடக்கும் ‘நகரம்’ கதையில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது.

கிராமத்திலிருந்து வள்ளியம்மாள் காய்ச்சலில் கிடக்கும் மகள் பாப்பாத்தியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். பெரிய டாக்டர் சோதித்து, மெனிஞ்சைட்டிஸ் என்று மாணவர்களுக்கு இங்கிலீஷில் விளக்கி, உடனே சேர்க்கச் சொல்லிவிட்டுப் போகிறார். அப்புறம் சீட்டு, வரிசை, அறை எண், எழுதப் படிக்கத் தெரியாத அவளுடைய அலைச்சல். கடைசியில், நாளைக்குக் காலை ஏழரை மணிக்கு வா என்கிறார்கள். டாக்டர் அந்தப் பெண் எங்கே என்று கத்தும்போது வள்ளியம்மாள் சைக்கிள் ரிக்‌ஷாவில் பஸ் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வெறும் ஜுரந்தானே, குணமானால் வைத்தீஸ்வரன் கோவிலுக்குக் காசு போடுவதாக வேண்டிக்கொள்கிறாள்.

மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளனுக்குத் தெரிந்து, உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாமலிருந்தால் அதுதான் பதற்றம் என்று ஹிட்ச்காக் விளக்கியதுண்டு. இங்கே குண்டு, ‘மெனிஞ்சைட்டிஸ்’ என்ற சொல். அது வள்ளியம்மாளின் தலைக்கு மேலே பேசப்படுகிறது. நமக்கு விளங்குகிறது, அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வழக்கமாக எடுக்கப்படும் நீதிகள் இரண்டு: அதிகார வர்க்கத்துக்கு இரக்கமில்லை, அறியாமை உயிரைக் கொல்லும். இரண்டும் சௌகரியமானவை. முதலாவது குமாஸ்தாவைத் திட்டிவிட்டு நம்மைத் தப்பிக்க வைக்கிறது. இரண்டாவது பழியைத் தாயின் தலையிலேயே போடுகிறது. ஆனால் கதையில் கொடியவன் என்று யாருமில்லை. டாக்டர் நல்லவர், அவளுக்காகக் கோபப்படவும் செய்கிறார். குழந்தைக்கு என்ன என்று அவள் மொழியில் ஒரு வாக்கியம் சொல்லணும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்த ரிக்‌ஷாவில் ஏறியிருப்பாளா?

ஆக, கதை முடியும்போது பதறுவது நாம்தான். அவள் நம்பிக்கையோடு போகிறாள். இந்தப் பதற்றம் படிப்பு நமக்குக் கொடுத்த சலுகை. டாக்டரைச் சுற்றி நின்ற கூட்டத்தில்தான் வாசகனுக்கும் இடம். நான் எடுத்துக்கொள்ளும் நீதி இதுதான்.

கதைக்கும் ஒரு குறை உண்டு. கடைசி வேண்டுதலில் ஆசிரியரின் லேசான கிண்டல் தொனிக்கிறது. ஆஸ்பத்திரி கைவிட்டபின் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வழி அது என்பதை அந்தத் தொனி மறைத்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்துப் பையனுக்குக் கிடைத்த உட்பார்வை வள்ளியம்மாளுக்குக் கிடைக்கவில்லை.

மக்களுக்காகப் பேசுவதாகச் சொல்லும் நம் துண்டுப் பிரசுரங்களையும் கூட்டங்களையும் இந்தக் கதையோடு வைத்துப் பார்க்கலாம். யாருக்கு ஆபத்தோ அவருக்கு விளங்காத சொற்களில் ஆபத்தைப் பற்றி நமக்குள்ளேயே விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அவர் எழுந்து போனபிறகு, எங்கே போய்விட்டார் என்று கேட்கிறோம்.