டயர் செருப்புக்கு ஒரு விமர்சனம்

புத்தகத்துக்கும் சினிமாவுக்கும்தான் விமர்சனம் எழுத வேண்டுமா என்ன? இந்த வாரம் ஒரு ஜோடி செருப்பு.

கடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு டயர் செருப்பு ஞாபகம் இருக்கும். தேய்ந்த லாரி டயரை அறுத்து அடிப்பாகம், பழைய டியூபில் வார், நாலைந்து ஆணி. சூளை ஆட்களும் வண்டிக்காரர்களும் வாங்குவார்கள். நீங்களும் நானும் பாட்டாவுக்குப் போய்விடுவோம்.

இதே செருப்பு ஹனோய் மியூசியத்தில் இருக்கிறது. 1940-களின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்களோடு போர் நடந்தபோது, வேறு வழியில்லாமல் வியட்நாம் வீரர்கள் ராணுவ லாரி டயர்களை அறுத்துக் காலில் மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவுடன் நடந்த போரிலும் அதே செருப்புதான். ஹோ சி மின்னும் அதைத்தான் போட்டார். 1958-ல் இந்தியா வந்தபோதுகூட அதோடுதான் வந்தார் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

டிசைனில் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேல். ஆணியே கிடையாது. துளை, வாரைவிடக் கொஞ்சம் குறுகல். இழுத்து நுழைத்துவிட்டால் ரப்பர் தானே கவ்விக்கொள்ளும். வார் கழன்றால் காட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மாட்டிக்கொள்ளலாம். குறைகள்? கனம் ஜாஸ்தி. சித்திரை வெயிலில் கறுப்பு ரப்பர் சும்மா விடாது.

இத்தாலிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1935-ல் முசோலினி எத்தியோப்பியா மேல் படையெடுக்க, பொருளாதாரத் தடை வந்தது. நல்ல எஃகு கிடைக்காத ஃபெர்ரகாமோ, கார்க்கில் குதிகால் செய்தார். மிட்டாய் சுற்றும் செலோஃபேனைக்கூட விடவில்லை. ஃப்ளாரன்ஸில் 1995 முதல் அவர் பெயரில் தனி மியூசியம்.

இத்தாலியச் செருப்புக்குச் செய்தவர் பெயர். வியட்நாம் செருப்புக்கு உலகம் வைத்த பெயர் 'ஹோ சி மின் செருப்பு'. அதாவது போட்டவர் பெயர். நம் டயர் செருப்புக்கு இரண்டும் இல்லை.

இதையெல்லாம் 'போர்க்கால சாமர்த்தியம்' என்று பாராட்டும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. பற்றாக்குறை என்பது முன்பு செருப்பு இருந்தவனுக்குத்தானே? தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்களில் தலித்துகள் ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு எந்தப் போரும் தேவைப்படவில்லை.

சிதம்பரத்துக்கு வாருங்கள். நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர் என்கிறது பெரியபுராணம். கொடுத்த தோல் சுலபமாக உள்ளே போய்விட்டது. கொடுத்தவர் உள்ளே போகத் தீயில் இறங்க வேண்டியிருந்தது.

அடுத்த தடவை தில்லைக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, யார் செய்தது என்று கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கம்பெனி பெயர் இருக்கும்.