மடக்கில் மறையும் கல்வெட்டுகள்: புதுக்கோட்டைத் தொகுப்பைக் கணினிவழி எண்ணும் முறை குறித்த மதிப்பீடு

முன்னுரை

புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடங்கள் அரச மரபு வாரியாக அடுக்கப்பெற்று 1929ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. 1130 கல்வெட்டுகள் அடங்கிய அத்தொகுப்பு அப்பகுதியின் வரலாற்றாய்வுக்கு இன்றும் அடிப்படைச் சான்றாகும். கல்வெட்டுத் தரவுகளைக் கணினியால் தொகுக்கும் முயற்சியும் புதியதன்று. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் சோழர் கல்வெட்டுப் பெயர்களைக் கணினியின் துணையுடன் தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். இன்று கல்வெட்டுக்கு ஒரு கோப்பு என அமைத்து, பைத்தான் நிரலின் மடக்கு ஒன்றால் அனைத்தையும் சில நொடிகளில் படித்துவிட இயலும். ஆயினும் மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் விடை எங்கு, எப்பெயரில் சேமிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அவ்வெண்ணிக்கை சான்றாகும் தகுதி பெறுகிறது.

மேலெழுதப்படும் விடைகள்

ஊர்க்காவல் உரிமையைக் குறிக்கும் ‘பாடிகாவல்’ என்ற சொல்லை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சோழராட்சி தளர்ந்தபின் ஊரார் அவ்வுரிமையை அரையர்களுக்கு விற்றமையைப் புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அச்சொல்லின் கால வாரியான பரவல், அப்பகுதியில் அதிகாரம் கைமாறிய வரலாற்றோடு தொடர்புடையது.

மடக்கினுள் ஒரே மாறியில் விடையை இட்டால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய விடையை அழித்துவிடும். இறுதிக் கோப்பின் விடை மட்டுமே எஞ்சும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வெளியீட்டுக் கோப்பைப் புதிதாக எழுதும் முறையில் திறந்தாலும் இதுவே நேரும். இப்பிழை எளிதில் புலப்படும். புலப்படாத பிழையே ஆய்வைக் கெடுப்பது. மன்னன் பெயரைத் திறவாகக் கொண்டு விடைகளைச் சேமிப்பது அத்தகையது. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களையும், பாண்டியர் சடையவர்மன், மாறவர்மன் என்னும் பட்டங்களையும் மாறி மாறிச் சூடினர். பட்டத்தை மட்டும் சுட்டும் கல்வெட்டுகள் பல உள்ளன. எனவே ‘பரகேசரி’ என்ற திறவில் சேமித்தால் பின்வருவது முன்னதை அழிக்கும். கூட்டிச் சேமித்தாலோ வெவ்வேறு காலத்து மன்னர் ஒருவராவர். தொகுப்பின் வரிசையெண்ணே ஒவ்வொரு கல்வெட்டுக்கும் தனித்துரியது. அதுவே திறவாதல் வேண்டும். அவ்வெண்ணையும் 0001 முதல் 1130 வரை நான்கிலக்கமாக எழுதுதல் நன்று. இல்லையெனில் எழுத்துவரிசையில் 10ஆம் கோப்பு 2ஆம் கோப்புக்கு முன் வரும்.

சுழியத்தின் பொருள்

‘பாடிகாவல் 0’ என்ற விடைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். சொல் உண்மையிலேயே இல்லாதிருக்கலாம். குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, கொடும்பாளூர் மூவர் கோயில் வடமொழிக் கல்வெட்டு ஆகியவற்றில் மொழியும் பொருளும் வேறாதலால் அச்சொல் வருதற்கு இடமில்லை. சில கல்வெட்டுகள் சிதைந்தவை. சில கோப்புகள் திறக்கப்படாமல், பிழையை விழுங்கும் நிரலால் கடந்து செல்லப்பட்டிருக்கலாம். கல்லில் சொல்லின் நடுவே வரி முறிவது இயல்பாகையால், வரி வரியாகத் தேடும் மடக்கு ‘பாடிகா’ எனவும் ‘வல்’ எனவும் பிரிந்த சொல்லைக் காணாது. யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தை இருவகைக் குறியீட்டுத் தொடராலும் எழுத இயலும். முன்னரே ஒருமைப்படுத்தாவிடில் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சொற்கள் கணினிக்கு இரண்டாகும். இவையனைத்தும் ஒரே சுழியமாகச் சேமிக்கப்படின், படிக்கப்படாமை ‘இல்லாமை’ எனத் திரிந்து வரலாற்று முடிவாக நிலைத்துவிடும். ஆதலின் எண்ணிக்கையோடு மொழி, சிதைவு, படிக்கப்பட்ட நிலை ஆகியனவும் தனித்தனிக் களங்களாகப் பதிவாதல் இன்றியமையாதது.

எல்லை குறித்த தெளிவு

கோப்புறையின் பெயரும் கவனத்திற்குரியது. 1929ஆம் ஆண்டுத் தொகுப்பு சமஸ்தான எல்லைக்குட்பட்டது. சமஸ்தானம் 1948இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974இல் உருவான புதுக்கோட்டை மாவட்டமோ தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த அறந்தாங்கிப் பகுதியையும் உள்ளடக்கியது. எனவே அக்கோப்புறையை ‘மாவட்டக் கல்வெட்டுகள்’ எனக் கொண்டு பெறும் விடை, மாவட்டத்தின் ஒரு பகுதி குறித்து ஏதும் கூறாது.

முடிவுரை

மொத்த எண்ணிக்கை என்பது சேமித்த விடைகளிலிருந்து எப்போது வேண்டினும் பெறத்தக்கது. மொத்தத்திலிருந்து தனிக் கல்வெட்டின் விடையை மீட்டல் இயலாது. எனவே மடக்கின் ஒவ்வொரு சுற்றும் வரிசையெண், ஊர், மன்னன், சொல், எண்ணிக்கை, நிலை என்பன அடங்கிய ஒரு வரியைப் பட்டியலில் சேர்த்தல் வேண்டும். மடக்கு முடிந்தபின் அப்பட்டியல் முழுவதும் ஒரே கோப்பில் எழுதப்படுதல் வேண்டும். அவ்வட்டவணையில் 1130 கல்வெட்டுகளும் இடம்பெற்றனவா என்று சரிபார்த்த பின்னரே மொத்தம் காணுதல் முறை. ஆய்வேட்டில் வரைபடத்தை மட்டும் தந்து அட்டவணையைத் தவிர்ப்பது, கல்வெட்டு எண் சுட்டாமல் மேற்கோள் காட்டுவதற்கு ஒப்பாகும். பிறிதோர் ஆய்வாளர் அட்டவணையின் ஒரு வரியைக் கொண்டு மூலபாடத்தை அடைந்து ஒப்புநோக்க இயலுமாயின், அப்போதே கணினி எண்ணிக்கை கல்வெட்டாய்வில் சான்றாக ஏற்கத்தக்கது.