துருத்தி பிடிக்கும் கை

கொல்லுப்பட்டறை வாசலில் நின்று பார்க்கும் எவருடைய கண்ணும் முதலில் போவது சம்மட்டியின் மேல்தான். பொறி பறப்பது அங்கே, பட்டடை கணீரென்று ஒலிப்பது அங்கே. வீட்டுக் கொல்லையில் சொந்தமாக உலை வைத்துப் பழக ஆசைப்படுகிறவர்களும் அந்த ஒலியில் மயங்கித்தான் தொடங்குகிறார்கள். கொம்பு வைத்த ஐரோப்பியப் பட்டடை ஒன்றைத் தேடி மாதக்கணக்கில் அலைகிறார்கள், கைக்குப் பொருந்தும் சுத்தியல் எது என்று ஓயாமல் விசாரிக்கிறார்கள். உலைக்குக் காற்று எப்படி வரும் என்பது கடைசியில் நினைவுக்கு வருகிறது. பழைய ஹேர் டிரையர் ஒன்றைக் குழாயில் செருகிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர். கொல்லர் வேலையின் நயம் துருத்தி பிடிக்கும் கையில் இருக்கிறது. அந்தக் கையைப் பார்க்கத் தெரிந்தவருக்கே சம்மட்டி அடியின் அழகும் முழுதாகப் புலப்படும்.

உலைக்குள் நெருப்பு எங்கும் ஒரே குணத்தோடு இருப்பதில்லை. துருத்தியின் மூக்கருகே புதுக்காற்று பாய்கிறது. கரியை எரித்ததுபோக மிச்சப் பிராணவாயு அங்கே திரிகிறது. இரும்பை அங்கே நீட்டினால் அதையும் தின்னும், செதில் செதிலாக உதிர்க்கும். சற்று மேலே, கரிப்படுகை கனத்திருக்கும் இடத்தில், பிராணவாயு தீர்ந்துபோகிறது. எரிந்து உண்டான கரியமில வாயு மேலும் சிவந்த கரியைத் தொட்டுக் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. இரும்பு அங்கே பெருமளவு சேதமில்லாமல் காயும். அரைச்சாண் உயரத்துக்குள் தின்னும் நெருப்பும் காக்கும் நெருப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. வேகமாக ஊதினால் தின்னும் அடுக்கு மேலேறும், தளர்த்தினால் கீழிறங்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வெறும் ‘புஸ் புஸ்’ என்று கேட்கும் வேலை, உண்மையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லைக்கோட்டை ஏற்றி இறக்கும் வேலை. அதில் பிசகினால் குற்றம் உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. லாரி ஸ்பிரிங் பட்டையில் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம் இருக்கும்; அரிவாளின் கூருக்கு உயிர் அதுதான். காற்று மிகுந்த நெருப்பில் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பிலிருக்கும் கார்பன் எரிந்து போய்விடும். அரிவாள் பார்க்க அழகாகவே இருக்கும், வயலில் இறங்கியதும் முனை மழுங்கும். வாங்கியவர் இரும்பைக் குறை சொல்வார், தப்பு காற்றில் நடந்திருக்கும்.

இரண்டு இரும்புத் துண்டுகளைக் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவது இதற்கெல்லாம் பெரிய சோதனை. அதற்கு வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். சேரும் முகங்கள் சுத்தமாக இருக்க வேண்டும். வெங்காரமோ மணலோ தூவுவது செதிலை உருக்கி, அடிக்கும்போது வெளியே பிதுங்கச் செய்வதற்காக. வெண்மஞ்சள் ஒளிக்கும் மத்தாப்புப் பொறிக்கும் இடையே உள்ள அவகாசம் மிகச் சிறியது. பொறி கொட்டத் தொடங்கிவிட்டால் இரும்பு கருகுகிறது என்று பொருள். கருகிய இரும்பை எந்தச் சம்மட்டியாலும் மீட்க முடியாது, வெட்டி எறிய வேண்டியதுதான். அந்த நேரத்தில் காற்றை மெல்ல மெல்ல ஒடுக்கி, துண்டின் உள்ளும் புறமும் ஒரே நிறத்துக்கு வரும்வரை பொறுத்திருப்பதை நான் ஆலாபனையை ரசிப்பதுபோல் ரசிக்கிறேன்.

இரும்பு வேலையில் காற்றுக்கு முதலிடம் கொடுப்பது என் சொந்தக் கற்பனை அல்ல. குறுந்தொகையின் 172ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார், ஏழு ஊருக்குப் பொதுவாக வைத்த ஓர் உலையை எடுத்துக்கொண்டு, ஓய்வில்லாமல் வருந்தும் நெஞ்சுக்கு அதன் மிதிதோல் துருத்தியை உவமையாக்குகிறார். உலைக்களத்தில் அவருடைய கண் போய் நின்ற இடத்தைக் கவனியுங்கள். காலால் மிதிக்கும் பெருந்துருத்திக்கு ஜப்பானியர் ‘தத்தரா’ என்பார்கள். இரும்புமணலை உருக்கும் அவர்களுடைய உலைக்கும் பெயர் அதுவே. இலங்கையில் பலாங்கொடையை அடுத்த சமனலவெவ பகுதியில், மலைச்சரிவில் மேற்கு நோக்கிக் கட்டிய பழைய உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்தார். அவற்றுக்குத் துருத்தியே கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று உலையின் முன்சுவரைத் தாண்டி வீசும்போது மேலே அழுத்தம் குறைகிறது. கீழே உள்ள குழாய்கள் வழியே காற்று தானாக உள்ளே இழுபடுகிறது. அதேபோன்ற உலையைக் கட்டி எரித்துப் பார்த்து, கார்பன் மிகுந்த எஃகு கிடைத்ததை 1996இல் ‘நேச்சர்’ இதழில் அவர் வெளியிட்டார். அது உருக்குவோர் வேலை, கொல்லர் வேலை அல்ல என்று பிரித்துச் சொல்லலாம், சரிதான். ஆனால் வெறும் காற்றை நம்பி ஒரு மலைச்சரிவையே பட்டறையாக்கியவர்களுக்குத் தொழிலின் மூலதனம் எது என்று தெரிந்திருந்தது.

சம்மட்டி அடிக்காமல் உருவம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அடியின் கணக்கு படிய ஆண்டுகள் ஆகும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 900 டிகிரியில் சாதாரண இரும்பின் வலிமை, குளிர்ந்தபோது இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அந்த இளக்கம் இருக்கும் சில விநாடிகளுக்குள்தான் சம்மட்டிக்கு அதிகாரம். நம் ஊர்க் கொல்லர்கள் மரக்கட்டையில் பதித்த கையகல இரும்புக் கட்டியின் மேல் வைத்தே கொழுவையும் அரிவாளையும் அடித்திருக்கிறார்கள், கொம்பும் துளையும் வைத்த பட்டடைக்காகக் காத்திருக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கனத்த எஃகுத் துண்டை நட்டுக்குத்தலாகப் பதித்தால் பழகுகிறவருக்கு அதுவே தாராளம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மின்விசிறி வந்துவிட்டது, கேஸ் உலை வந்துவிட்டது, கரியே இல்லாமல் மின்தூண்டலில் இரும்பைச் சிவக்க வைக்கும் கருவியும் வந்துவிட்டது. இன்னும் எதற்குத் துருத்திப் பேச்சு? மின்தூண்டலைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன், அங்கே நெருப்பே இல்லாததால் என் வாதத்துக்கும் இடமில்லை. கேஸ் உலையில் நிலைமை வேறு. பர்னரின் குறுகிய கழுத்தில் பாயும் வாயு, வெளிக்காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. அது மிகுந்தால் செதிலும் மிகும், குறைந்தால் நெருப்பு உலைவாயில் நீளமாக நாக்கு நீட்டும். துருத்தி மறைந்தது, அதன் கணக்கு மறையவில்லை. மின்விசிறிக்கோ ஒரு கெட்ட குணம் உண்டு. கை ஓய்ந்தால் துருத்தி ஓயும். விசிறி அப்படியல்ல, இரும்பு பட்டடையில் இருக்கும்போதும் ஊதிக்கொண்டே இருக்கும், கரியை வீணாக்கும், திரும்பி வரும் இரும்பைத் தின்னக் காத்திருக்கும். விசிறிக்கும் உலைக்கும் நடுவே ஒரு தகரத் தகட்டைச் செருகி, காற்றை வேண்டிய அளவு திறந்து மூடும்படி செய்துகொண்டால் போதும், பாதிக் குறை தீர்ந்துவிடும்.

ஆக, கொல்லையில் உலை வைக்கிறவர் கவலைப்பட வேண்டிய இடம் அந்தக் குழாய்தான். தரையில் குழி வெட்டி, களிமண் பூசி, பக்கவாட்டில் குழாயை இறக்கினால் மரக்கரிக்கு நல்ல உலை. மூக்குக்கு மேலே அரைச்சாண் முதல் ஒரு சாண் வரை கரி நிற்கட்டும். இரும்பைக் கரியின் நடுவே கிடைமட்டமாகச் செருகுங்கள், மூக்கை நோக்கிக் குத்தாதீர்கள். நாகப்பூச்சுள்ள ஜி.ஐ. பைப்பை உலைக்குள் விடவே கூடாது, சூடேறினால் அந்தப் பூச்சின் புகை காய்ச்சலில் தள்ளும். இரும்பைக் காக்கும் அதே கார்பன் மோனாக்சைடு மனிதரைக் கொல்லும் என்பதால் நாற்புறமும் திறந்த கொட்டகைதான் சரி. கூரை மட்டும் நன்றாக நிழல் தர வேண்டும். வெயிலில் செம்மஞ்சளும் மங்கலாகவே தெரியும், நிறம் தெரியாவிட்டால் காற்றை எப்போது நிறுத்துவது என்றும் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் காற்றை நிறுத்திய பிறகு வருவது. அரிவாளின் வாய்ப்பகுதி காந்தத்தில் ஒட்டாத அளவுக்குச் சிவந்து, இன்னும் சற்று ஏறியதும், வாயை மட்டும் எண்ணெயில் தோய்த்து எடுப்பார்கள். தேய்த்து மினுக்கினால், முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப்பக்கம் நகரும். அதனோடு நிறங்களும் நகரும். 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, 280ஐ ஒட்டி ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். மினுக்கிய எஃகின் மேல் காற்றிலுள்ள பிராணவாயு படியவைக்கும் மெல்லிய ஏடுதான் இத்தனை நிறமும் காட்டுகிறது. உலைக்குள் இரும்பைத் தின்னத் துடித்த அதே காற்று, துருத்தி அடங்கிய பட்டறையில், தோய்ச்சலின் பதத்தை நிறம் நிறமாக எழுதிக் காட்டுகிறது. கொல்லர் குறட்டால் அரிவாளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். வாயில் வேண்டிய நிறம் வந்ததும் முழு அரிவாளையும் எண்ணெய்க்குள் அமிழ்த்துகிறார்.